எந்தச் சூழ்நிலையிலும் கூடாது: ஒரு பக்கக் குறிப்புக்கு மூன்று வரைவுகள்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பாலியேட்டிவ் ஹோம் கேருக்கு, அதாவது நோய் முற்றியவர்களை வீட்டுக்கே போய்க் கவனித்து வலியைத் தணிக்கிற வேலைக்கு, போகிற தொண்டர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. கேரளத்தில் இந்த வேலை 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கியது. 2008இல் மாநில அரசு அதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. இப்போது பஞ்சாயத்து நர்ஸ், ஒரு வண்டி, கூடப் போக ஊர்க்காரர்கள் என்று நடக்கிறது. சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் வீட்டுக்குள் பேச்சு தமிழ். மேலே இருந்து வருகிற காகிதம் மலையாளம். புதிதாகச் சேருகிற பிள்ளைகளில் பலர் மலையாளம் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கத் தடுமாறுவார்கள். அதனால்தான் தமிழ்க் குறிப்பு.

டிரெஸ்ஸிங் மாற்றுவது, யாருக்கு போன் செய்வது என்பதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ‘எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாதவை’ என்று தலைப்புப் போட்ட இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம். பணி ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் நீளமான பட்டியல் கொண்டுவந்தார். நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி, “சூழ்நிலையைப் பார்க்காம எப்படிங்க சார் கூடாதுன்னு சொல்றது?” என்று கேட்டு, அந்தத் தலைப்பையே எடுத்துவிடச் சொன்னாள். மூன்றாவது வரைவு, தலைப்பை வைத்துக்கொண்டு அதன் கீழே மிகக் கொஞ்சமாக எழுதுவது.

எல்லாச் சூழ்நிலையிலும் தவறான செயல் என்று ஒன்று உண்டா என்பது பழைய கேள்வி. படுத்த படுக்கையாக இருக்கிறவரின் வீட்டுக்குள் நுழையப் போகும் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையில் என்ன எழுதிக் கொடுப்பது என்று வரும்போது அதைத் தள்ளிப்போட முடிவதில்லை. நான் மூன்றாவது வரைவின் பக்கம். ஆனால் மற்ற இரண்டிலும் விட்டுவிட முடியாத நியாயம் இருக்கிறது.

வாத்தியாரின் பட்டியலில் முதல் வரி: பொய் சொல்லக் கூடாது. அப்புறம், நோயாளியைக் கட்டிப்போடக் கூடாது, அவர் வேண்டாம் என்றதைச் செய்யக் கூடாது, மருந்தில் கை வைக்கக் கூடாது, பணம் வாங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று போகிறது. இந்த வழிக்குப் பெரிய துணை ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட். 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவன் வாசலில் நின்று ‘உள்ளே இருக்கிறானா?’ என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்றார் அவர். இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வரும். ஆனால் அவர் எதற்குப் பயந்தார் என்பது புரிகிறது. ஒரு விலக்கைத் திறந்தால், எல்லோரும் தன்னுடைய காரியத்தை அந்த விலக்குக்குள் கொண்டுவந்துவிடுவார்கள்.

அந்தப் பயம் எங்கள் வேலையில் ரொம்ப நிஜம். வீட்டுக்காரர்கள் கெஞ்சுவார்கள், அதட்டுவார்கள். மாமா, சித்தப்பா என்று உறவு சொல்லிப் பேசுகிற ஊரில் புதுப் பிள்ளையால் மறுக்க முடியாது. ‘எழுதியிருக்குதுங்க, செய்ய முடியாதுங்க’ என்று காட்ட ஒரு வரி இருந்தால் அது அவனுக்குத் துணை. யோசிக்க நேரமில்லாத இடத்தில் பட்டியல் நமக்காக ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறது.

சரி, அந்த முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். கோபாலபுரம் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வீடு. மரமேறிக் கள் இறக்கிக்கொண்டிருந்த பெரியவர், வயிற்றில் கேன்சர். வண்டி நின்றதுமே மருமகள் ஓடி வந்து நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். “சிஸ்டர், மாமாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. அல்சர்னு சொல்லி வெச்சிருக்கறோம்.” நர்ஸ் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து, வாய்ப்புண்ணுக்கு மருந்து தடவிவிட்டு, வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பெரியவர் கேட்டார்: “ஏங்கண்ணு, அல்சருக்கு இத்தனை நாளா?” நர்ஸ், “உங்களுக்கு என்ன தோணுதுங்கப்பா?” என்றார். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: “எனக்குத் தெரியுங்கண்ணு. எனக்குத் தெரியும்னு மருமவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அழுவா.”

இதில் யார் பொய் சொன்னது? வாத்தியாரின் முதல் வரியை வைத்துப் பார்த்தால் மருமகள் குற்றவாளி, மாமனார் குற்றவாளி, சும்மா இருந்த நர்ஸும் பாதிக் குற்றவாளி. எனக்கு அப்படிப் படவில்லை. பொய் பெரும்பாலும் தவறுதான். நோயாளி நேராகக் கேட்டபின் மழுப்புவது அவருடைய வாழ்க்கையை அவரிடமிருந்தே மறைப்பது. ஆனால் கேட்காதவரிடம் வலியச் சொல்வதும், எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரையே கேட்டுச் சொல்வதும் ஒன்றல்ல. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தில் நிற்கும் என்கிறார். எந்தப் பொய்யும் ஆகாது என்று எழுதியிருக்க அவருக்குத் தடை ஏதுமில்லை. தெரிந்தேதான் அந்த விலக்கைத் திறந்து வைத்தார்.

முதல் வரைவில் இன்னொரு கோளாறும் உண்டு, அது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. இரண்டு விதமான ‘கூடாது’ அதில் கலந்து கிடக்கிறது. ‘மருந்தில் கை வைக்கக் கூடாது’ என்பது தொண்டருக்கான விதி. கடும் வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றலாம், தொண்டர் மாற்றக் கூடாது. அவர் மாற்றினால் அது ஆபத்து, அவ்வளவுதான். மருந்தின் அளவைக் கூட்டுவது உலகத்தில் எங்கும் எப்போதும் பாவம் என்று அதற்குப் பொருள் இல்லை. பணம் வாங்காதே என்பதும் அப்படித்தான். வேலைக்கான விதியை அறத்தின் கடைசி எல்லையைப் போல எழுதினால், பிள்ளைகள் ஒரு நாள் அது எல்லை இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு உண்மையான எல்லையின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

இரண்டாவது வரைவு ஒரே வரி: ‘நோயாளிக்கு எது நல்லதோ, அந்தச் சூழ்நிலையில் யோசித்துச் செய்.’ விளைவை வைத்துச் சரி தவறை அளக்கிற இந்த வழி பெந்தாம், மில் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதிகளின் காலத்திலிருந்து வருவது. பாலியேட்டிவ் வேலையில் இருப்பவர்களுக்கு இதன் மேல் ஒரு ஈர்ப்பு இருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம் தப்பான கைக்கு மார்ஃபின் போய்விடக் கூடாது என்பதற்காகக் கடுமையான கட்டுப்பாடுகளைப் போட்டது. லைசென்ஸுக்கு மேல் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்ததால், நாட்டின் பெரும்பகுதியில் ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. கேன்சர் முற்றியவர்கள் வலியில் கத்திக்கொண்டே செத்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. யோசிக்காத ‘கூடாது’ எத்தனை கொடுமை செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்தப் பெண்ணின் கேள்வியில் இந்த வலி இருக்கிறது.

ஆனாலும் இந்த வரைவை என்னால் ஏற்க முடியாது. காரணம் கக்கயம்.

நெருக்கடி நிலைக் காலம். 1976 பிப்ரவரி கடைசியில் கோழிக்கோடு மாவட்டத்தின் காயண்ணா போலீஸ் ஸ்டேஷன் தாக்கப்பட்டது. மார்ச் 1 அன்று கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயம் போலீஸ் முகாமில் பெஞ்சில் படுக்க வைத்துக் கட்டி, தொடை மேல் கனமான உலக்கையை வைத்து உருட்டினார்கள். இன்றைக்கும் கேரளத்தில் ‘உருட்டல்’ என்றால் வயதானவர்களுக்கு அந்த முகாம்தான் நினைவுக்கு வரும். ராஜன் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அவருடைய அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர், வாசல் வாசலாக ஏறி இறங்கினார். நெருக்கடி நிலை முடிந்ததும் 1977இல் ஆட்கொணர்வு மனுப் போட்டார். முன்பு உள்துறையைக் கையில் வைத்திருந்து, அப்போதுதான் முதலமைச்சராகியிருந்த கருணாகரன், ஒரே மாதத்தில் பதவி விலக வேண்டியதாயிற்று.

அந்த முகாமில் இருந்த போலீஸ்காரர்களிடம் போய் ‘எது நல்லதோ, சூழ்நிலையைப் பார்த்துச் செய்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைத்தான் செய்கிறோம் என்று சொல்லியிருப்பார்கள். ஆயுதம் போயிருக்கிறது, இன்னும் தாக்குதல் நடக்கலாம், தகவல் வேண்டும். விளைவுக் கணக்குப் போடுகிற நேர்மையானவர், ‘சித்திரவதையால் உண்மை வராது, அதனால் அது தப்பு’ என்பார். உண்மை வராது என்பது சரிதான். ஆனால் தவறுக்குக் காரணம் அதுவா? உருட்டி ஒரு தகவல் வந்திருந்தால் ஈச்சர வாரியரின் முன்னால் போய், ‘உங்கள் பையன் விஷயத்தில் நாங்கள் செய்தது சரிதான்’ என்று சொல்ல முடியுமா? 1984இல் ஐ.நா. கொண்டுவந்த சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை, போர், உள்நாட்டுக் குழப்பம், நெருக்கடி எதையும் சித்திரவதைக்கு நியாயமாகக் காட்டக் கூடாது என்கிறது. எந்தச் சூழ்நிலையிலும் என்பதை நாடுகள் கூடிச் சட்டமாக எழுதிய இடம் அது. இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது; இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

ஆக முழுப் பட்டியலும் ஆகாது, வெறும் சூழ்நிலையும் ஆகாது. மூன்றாவது வரைவுக்கு வருவோம். எதை அதில் சேர்ப்பது, எதை விடுவது?

எனக்கு இதைத் தெளிவாக்கியது பாலக்காட்டு மலைப்பகுதியான அட்டப்பாடியில் நடந்தது. 2018 பிப்ரவரி 22. மது என்ற பழங்குடி இளைஞர், கடையில் அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு கும்பல் காட்டுக்குள் போய்ப் பிடித்தது. கையைக் கட்டினார்கள், அடித்தார்கள், நடத்திக் கூட்டி வந்தார்கள், கட்டிய கையோடு அவர் நிற்க செல்ஃபியும் எடுத்தார்கள். போலீஸ் வண்டியில் போகும்போதே இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்தது.

இந்த ஒரே நிகழ்ச்சியில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. அவர் எடுத்ததாகவே வைத்துக்கொள்வோம். பசித்தவன் ஒரு பை அரிசியை எடுத்தால், அது தவறா இல்லையா என்று சூழ்நிலையைக் கேட்காமல் சொல்ல முடியாது. கேட்டால், பெரும்பாலோர் அவர் பக்கம்தான் சாய்வார்கள். கும்பல் செய்ததற்கு எந்தச் சூழ்நிலையைக் கொண்டுவந்தாலும் பொருந்தாது. அவர் உண்மையிலேயே திருடியிருந்தாலும், பத்துத் தடவை திருடியிருந்தாலும், கட்டி வைத்து அடித்து வேடிக்கை பார்த்தது சரியாகிவிடாது. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தில் 1992இல் வனத்துறையும் போலீசும் செய்ததும் இதே ரகம். சந்தனக் கடத்தல் நிஜமாகவே நடந்ததா என்பதற்கும், பெண்களை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ச் சீரழித்ததற்கும் என்ன சம்பந்தம்? 2011இல், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று சொன்ன நீதிமன்றம், கடத்தல் எவ்வளவு என்று எடை போட்டுப் பார்த்துத் தீர்ப்பு எழுதவில்லை.

இங்கே ஒரு சிக்கலைத் தாண்டியாக வேண்டும். ‘கையைக் கட்டுவது’ என்று வெளியில் தெரிகிற செயலை மட்டும் எழுதினால் அது எப்போதும் தவறு என்று ஆகாது. மறதி நோய் முற்றிய ஒரு பாட்டி, மூத்திரக் குழாயைப் பிடுங்கிப் பிடுங்கி ரத்தம் வரவைத்துக்கொள்கிறார். நர்ஸ் வருகிற வரைக்கும் மகள் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, தளர்வாக, அந்தக் கையைத் தன் மடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அட்டப்பாடியிலும் கட்டியதுதான், இங்கேயும் கட்டியதுதான். இன்னொரு பக்கம், ‘அநியாயமாகக் கட்டக் கூடாது’ என்று எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை. அநியாயம் என்ற தீர்ப்பை முன்கூட்டியே உள்ளே வைத்துவிட்டு, அது கூடாது என்கிறோம். ஆகவே செயலோடு அது எதற்காகச் செய்யப்படுகிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது: அவமானப்படுத்த, பயமுறுத்த, தண்டிக்க, தன் வசதிக்காக அடக்கி வைக்க. படம் எடுப்பதும் அப்படியே. படுக்கைப்புண்ணை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இங்கே வைத்தியமே நடக்காது. அதே புண்ணை வேடிக்கைக்காகக் குரூப்பில் போடுவது வேறு செயல்.

இப்படிப் பார்த்தபோது ஒரு சோதனை கிடைத்தது. எந்தச் செயலை, யாருக்குச் செய்கிறோமோ அவர் முகத்தைப் பார்த்து, அவர் ஏற்கக்கூடிய ஒரு காரணத்தோடு விளக்க வழியே இல்லையோ, அது ‘எந்தச் சூழ்நிலையிலும் கூடாது’ என்ற பட்டியலுக்குப் போகும். பாட்டிக்குத் தெளிவு திரும்பினால் மகள் விளக்க முடியும். அல்சர் என்று சொன்ன மருமகள், மாமனாரிடம் ஒரு நாள் விளக்க முடியும். அவர்தான் ஏற்கெனவே மன்னித்துவிட்டாரே. உருட்டியவன் ராஜனிடம் விளக்க முடியாது.

வள்ளுவரிடமே இந்த இரண்டு அடுக்கும் இருப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பொய்க்கு வழி விட்ட அதே ஆள்தான், வினைத்தூய்மையில், பெற்றவள் பசித்திருப்பதைக் கண்ணால் பார்த்தாலும் சான்றோர் பழிக்கிற செயலைச் செய்யாதே என்கிறார். தாயின் பசியைவிடக் கனமான சூழ்நிலையைத் தமிழில் சொல்ல முடியாது. அதையும் தட்டில் வைத்துவிட்டு, முடியாது என்கிறார்.

நம் பாலக்காட்டுப் பகவதி கோவில்களின் தோல்பாவைக்கூத்தும் நினைவுக்கு வருகிறது. இருபத்தோரு விளக்கு வரிசை எரிய, திரைக்குப் பின்னால் நின்று, கம்பனின் பாட்டைப் பாடி விடிய விடிய விளக்கம் சொல்வார்கள். மறைந்து நின்று அம்பு விட்டது முறையா என்று வாலி கேட்கிற கேள்விகள் இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. கடவுள் அவதாரம் என்பதாலேயே அந்தக் கேள்வியை யாரும் வெட்டிவிடவில்லை.

மூன்றாவது வரைவுக்கு எதிராகச் சொல்லப்படுகிற பெரிய வாதம் ஒன்று உண்டு. ஒருவரைச் சித்திரவதை செய்தால்தான் ஒரு ஊரே பிழைக்கும் என்றால்? அப்படி நிச்சயமாகத் தெரிகிற நிலை வாழ்க்கையில் வருவதில்லை என்பது ஒரு பதில். கக்கயத்திலும் நிச்சயம் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் இது தப்பிக்கிற பதில் என்பார்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். அப்படியே ஒரு நிலை வந்து, ஒருவர் அதைச் செய்துவிட்டால், அவர் நிலைமையைப் புரிந்துகொள்வேன், ஒருவேளை தண்டனையைக் குறைக்கவும் சொல்வேன். அவர் செய்தது தவறில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். வேறு வழி தெரியவில்லை என்பதால் தவறு கரைந்துபோவதில்லை. ஹிரோஷிமாவில் குண்டு போட உத்தரவிட்ட ட்ரூமனுக்கு 1956இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தபோது, எலிசபெத் ஆன்ஸ்கோம்ப் என்ற தத்துவ ஆசிரியை எழுந்து எதிர்த்தார். போர் சீக்கிரம் முடிந்தது என்ற கணக்கை அவர் கேட்டுக்கொண்டார்தான். குற்றமற்றவர்களின் சாவை ஒரு வழியாகவே தேர்ந்தெடுப்பது கொலை என்ற இடத்திலிருந்து நகரவில்லை. அன்று அவர் பக்கம் நின்றவர்கள் வெகு சிலர்.

தாங்க முடியாத வேதனையில், முழு நினைவோடு சாவைக் கேட்கிற நோயாளியின் விஷயத்தில் நான் அவ்வளவு உறுதியாக இல்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வீணாக நீட்டிக்கிற சிகிச்சையை நிறுத்த அனுமதித்தது. ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றம். என் சோதனையில் இது ‘எந்தச் சூழ்நிலையிலும்’ பட்டியலில் விழாது, ஏனென்றால் கேட்பவரே அவர். ஆனால் தொண்டருக்கான விதியில் கண்டிப்பாகக் ‘கூடாது’. சாக வேண்டும் என்று நோயாளி சொன்னால் முதலில் வலி அடங்கியிருக்கிறதா என்று பார், உடனே நர்ஸைக் கூப்பிடு. சரியான அளவில் மருந்து போய் வலி அடங்கிய பிறகு அந்தப் பேச்சை விட்டவர்களும் உண்டு, விடாதவர்களும் உண்டு.

கடைசியில் குறிப்பு இரண்டு பகுதியாகப் போகிறது. மேலே, எந்தச் சூழ்நிலையிலும் என்ற தலைப்பின் கீழ் மூன்றே வரி: நோயாளியை அடிப்பதோ தண்டிப்பதற்காகக் கட்டுவதோ கூடாது, பாலியல் நோக்கத்தோடு தொடக் கூடாது, அவமானப்படுத்தப் படமோ பேச்சோ பரப்பக் கூடாது. வீட்டுக்காரர் சொன்னாலும், நாங்களே சொன்னாலும், செய்யாதே என்று சேர்த்திருக்கிறோம். கீழே, மருந்து, பணம், பொய், கட்டுவது எல்லாம் ‘பொதுவாகக் கூடாது, வேண்டியிருந்தால் யாரைக் கேட்பது’ என்ற முறையில். சூழ்நிலை பார்க்க வேண்டும் என்ற பெண்ணின் வார்த்தை இந்தப் பகுதிக்கு அப்படியே போய்விட்டது.

வாத்தியார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பொய்யைக் கீழே இறக்கினால் ஊரில் எங்கள் வாயை யாரும் நம்ப மாட்டார்கள் என்கிறார். ‘அல்சர்’ என்று ஒரு வீட்டில் சொன்னால், பக்கத்து வீட்டில் நிஜமாகவே அல்சர் இருப்பவர் தூக்கத்தைத் தொலைப்பார் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதனால் பொய் பற்றிய வரியைக் கீழ்ப் பகுதியில் முதல் வரியாக வைத்து, நோயாளி நேராகக் கேட்டால் நீயாக எந்தப் பதிலும் சொல்லாதே, நர்ஸ் வந்து அவரோடு உட்காரட்டும் என்று எழுதினோம். பயிற்சியன்று அந்த வரியை விளக்கப்போவது வாத்தியார்தான். அவர் தன் வாதத்தை முழுசாகச் சொல்லட்டும், பிள்ளைகள் எதிர்க் கேள்வி கேட்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.